வாழைப்பழ பிரௌனிக்கு ஒன்பதுக்கு இரண்டு

மூன்றாவது வாழைப்பழமும் ஓவனுக்குள் டப்பென்று வெடித்தபோதுதான் நாக்கு சாருக்கு அந்த வீடியோவின் மிச்சம் ஞாபகம் வந்தது. 'பழம் சரியாகப் பழுக்கவில்லையா? தோலோடு ஓவனில் வையுங்கள்' என்று அந்தப் பெண் சொன்ன உடனேயே அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். 'வைக்கும் முன் முள்கரண்டியால் நாலு இடத்தில் குத்திவிடுங்கள்' என்று அவள் அடுத்துச் சொன்னது, எழுந்து போகிறவரின் முதுகில்தான் விழுந்தது.

"ஏங்க, உள்ள என்ன வெடிக்குது?" கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. பழம் பழுக்குது."

"சத்தம் போட்டுப் பழுக்குற பழத்தை இப்பதான் கேள்விப்படுறேன்."

அவர் ஓவன் கதவைத் திறந்தார். புகை வந்து முகத்தில் அடித்தது. நேற்று மாலை வாங்கி வந்த புத்தம் புது ஓவன் அது. உள்சுவர் நான்கிலும் வாழைப்பழம் அப்பிக் கிடந்தது. தட்டில் மிஞ்சியதை அவர் கரண்டியால் வழித்து ஒரு கிண்ணத்தில் போட்டார். ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தார். பாதி கருகல், பாதி பச்சை வாசனை. நடுவில் எங்கேயோ கொஞ்சம் பழமும் இருந்தது.

நாக்கு சார் என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரில்லை. ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் இருபது வருஷமாகச் சுவை பார்ப்பது அவர் உத்தியோகம். வாட்ச்மேன் முதல் மேலாளர் வரை அங்கே எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சர்க்கரை அரைச் சிட்டிகை கூடினால் கண்டுபிடித்துவிடுவார். வெண்ணெய் போன வாரத்ததா, அதற்கு முந்தின வாரத்ததா என்று சொல்லிவிடுவார். ஆனால் பிறந்ததிலிருந்து இன்று காலை வரை ஒரு முட்டையைக்கூட உடைத்ததில்லை. தின்பதற்குச் சம்பளம் வாங்குகிற மனிதன் சமைப்பானேன் என்று அவரும் இருந்துவிட்டார், வீட்டிலும் விட்டுவிட்டார்கள்.

அப்பேர்ப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதாவும் கையுமாக நிற்பதற்குக் காரணம் அவருடைய அக்கா. அக்கா அவரோடு பேசி மூன்று மாதம் ஆகிறது. அதற்கு முன் பத்தொன்பது வருஷம் ஒரு ஞாயிறு தவறாமல் காலை ஒன்பது மணிக்கு அக்காவின் போன் வரும். எடுத்தவுடன் திட்டுவாள். முடி வெட்டிக்கவில்லை, பல் டாக்டரிடம் போகவில்லை, பொண்டாட்டியை எங்கேயும் கூட்டிப்போகவில்லை என்று முக்கால் மணி நேரம் திட்டிவிட்டு, "சரி, வச்சிடறேன்" என்பாள். அது நின்றுபோன பிறகுதான், வாரத்தில் அந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான் மற்ற நேரத்தையெல்லாம் ஓட்டிக்கொண்டிருந்தோம் என்பது அவருக்கு உறைத்தது.

இப்போது அக்காவின் கணவரான மாமாவுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. புதன்கிழமை லாரி வருகிறது. ரயிலில் ஒரு பகலும் ஒரு இரவும் போக வேண்டிய தூரம். இந்த ஞாயிற்றைத் தவறவிட்டால் அக்காவை மனஸ்தாபத்தோடேயே வண்டி ஏற்றி அனுப்ப வேண்டியதுதான்.

தப்பு முழுக்க அவருடையது. அதில் அவருக்கே சந்தேகமில்லை.

தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. ருசி பார்க்க வரும் டப்பாவில் யார் செய்தது என்று இருக்காது, எண் மட்டும்தான் இருக்கும். செய்தவர் முகம் தெரிந்தால் மார்க் போடுகிற கை தயங்கும் என்பது நிர்வாகத்தின் எண்ணம். தின்று பார்த்து, ஒன்பதுக்கு மார்க் போட்டு, அந்தத் தாளை அதே டப்பாவுக்குள் வைத்து அனுப்பிவிட வேண்டும். செய்தவர் படித்துத் திருந்திக்கொள்வார்.

அவர் வேலைக்குச் சேர்ந்து இருபது வருஷம் நிறைந்த அன்று மேஜையில் 417 என்று எண் ஒட்டிய டப்பா ஒன்று இருந்தது. உள்ளே வாழைப்பழ பிரௌனி. மேலே வீட்டில் அடித்த மாதிரி ஒரு கிரீம். நாக்கு சார் ஒரு துண்டைக் கடித்தார், மென்றார், துப்பினார், வாய் கொப்பளித்தார். ஒன்பதுக்கு இரண்டு போட்டார்.

அதோடு விட்டிருந்தாலும் போயிருக்கும். 'குறிப்பு' என்ற கட்டத்தில் கேலியாக நாலு வரி எழுதுவது அவர் பழக்கம். மேலாளர் அதைக் கூட்டத்தில் உரக்கப் படிப்பார், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு நாக்கு சார் அடிமை. 417க்கு அவர் எழுதியது இதுதான்: 'பழம் காலமாகிச் சில நாட்கள் ஆகியிருக்கலாம். அடக்கம் செய்யாமல் மைதாவில் சேர்த்துவிட்டார்கள். மேலே தடவியிருப்பதைச் சுவரில் அடித்தால் இரண்டு மழை தாங்கும். செய்தவரின் கையை இனி அடுப்புப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்வது அவர் குடும்பத்தாரின் கடமை.'

சாயங்காலம் அட்டெண்டர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"சார், காலைல உங்க மாமா கேட்ல ஒரு டப்பா குடுத்துட்டுப் போனாராம். உங்களுக்குன்னு."

"எங்க அது?"

"வாட்ச்மேன் சாம்பிள்னு நெனச்சு உள்ள அனுப்பிட்டாரு. நானும் நம்பர் ஒட்டிட்டேன். நீங்களும் மார்க் போட்டுட்டீங்க."

"டப்பா?"

"அடியில விலாசம் இருந்துச்சு. வண்டியில திருப்பி அனுப்பிட்டோம்."

"தாள்?"

"உள்ளதான் சார். அதானே வழக்கம்."

நாக்கு சார் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் அக்காவின் போன் வந்துவிட்டது. "உன் பேப்பரைப் படிச்சோம்டா. ரொம்ப நல்லா எழுதியிருக்க. இனிமே எனக்குப் போன் பண்ணாத." அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் எத்தனை தடவை கூப்பிட்டும் மணிதான் அடித்தது.

ஆகவேதான் இந்த பிரௌனி. என்ன கேலி பேசினேனோ அதையே என் கையால் செய்துகொண்டு போய் நிற்கிறேன், நீயும் வேண்டியதைச் சொல் என்று கேட்பதுதான் நியாயம் என்று அவருக்குத் தோன்றியது. நல்ல எண்ணம்தான். கை ஒத்துழைக்க வேண்டுமே.

"கோக்கோ எங்கம்மா இருக்கு?"

"மேல் தட்டுல."

மேல் தட்டில் பழுப்பு நிறத்தில் ஒரு டப்பா இருந்தது. மூன்று கரண்டி போட்டார். கலந்தபின் ருசி பார்த்தார். தித்திப்பு தொண்டையைக் கட்டியது. டப்பாவைத் திருப்பிப் படித்தால், பாலில் கலக்கிக் குடிக்கிற சாக்லெட் பவுடர். பாதிக்கு மேல் சர்க்கரை. ஏற்கெனவே ஒரு கப் சர்க்கரை வேறு போட்டாயிற்று. தித்திப்பை அடக்க உப்பு போட்டார். உப்பு தூக்கலாகிவிட்டது. உப்பை அடக்க, கூடையில் மீதியிருந்த இரண்டு பழத்தையும் பிசைந்து போட்டார். மாவு தண்ணீராக ஓடியது. ஓட்டத்தை நிறுத்த மைதாவைக் கொட்டினார். இப்போது கரண்டியைச் செருகினால் கரண்டி நின்றது. பாத்திரமோ நிரம்பி வழிந்தது.

என்ன தப்பு, எங்கே தப்பு, எவ்வளவு தப்பு என்று அவருடைய நாக்கு துல்லியமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. அதைச் சரிசெய்யும் வழிதான் அதற்குத் தெரியவில்லை. இருபது வருஷமாக அது அந்த வேலையைச் செய்ததே இல்லை.

மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். கழுத்தை மட்டும் நீட்டி, பாத்திரத்தைத் தொடாமல் பார்த்தாள்.

"அடியில எண்ணெய்க் காகிதம் போட்டீங்களா?"

"போடணுமா?"

"போடாட்டி டப்பாவோடதான் சாப்பிடணும்."

"உனக்கெப்படி இதெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும்." அவள் ஓவனை ஒரு பார்வை பார்த்தாள். "ஆறு வருஷமா ஒரு ஓவன் வாங்கலாம்னு சொல்லிட்டிருந்தேன். கரண்ட் செலவுன்னீங்க. இடம் இல்லைன்னீங்க. உங்கக்காவுக்குன்னதும் ஒரே சாயங்காலத்துல வந்து உக்காந்துடுச்சு."

நாத்தனார் சமாசாரம் என்றால் எந்தப் பெண்டாட்டிக்கும் முகம் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும் என்று நாக்கு சார் தமக்குள் சொல்லிக்கொண்டார். மூன்று மாதமாகவே அவள் அளந்து அளந்துதான் பேசுகிறாள். அக்கா அக்கா என்று தாம் புலம்புவது அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. அதை இன்னொரு நாள் பேசிச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார். முதலில் அக்கா.

மாவை இரண்டாகப் பிரித்து முதல் பாதியை ஓவனில் வைத்தார். பிறகு கிரீம். பொடித்த சர்க்கரை வேண்டும் என்றது வீடியோ. மிக்சியில் சர்க்கரையைப் போட்டு, மூடியை லேசாக வைத்து, பட்டனை முழு வேகத்துக்குத் திருப்பினார். மூடி பறந்தது. அடுப்பங்கரை, அதிலிருந்த நாக்கு சார், அவர் கண்ணாடி எல்லாம் வெள்ளையாகிவிட்டன. மிச்சத்தை வழித்துப் போட்டு வெண்ணெயோடு அடித்தார். வெண்ணெய் இத்தனை நேரம் ஓவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் எண்ணெயாகிவிட்டிருந்தது. குளிர்ந்தால் இறுகும் என்று ஃப்ரீஸரில் வைத்தார். இறுகியது. எவ்வளவு இறுகியது என்றால், கரண்டி வளைந்தது. அடுப்பில் காட்டினார். தண்ணீர் தனியாக, கொழுப்பு தனியாகப் பிரிந்தது. சோளமாவைப் போட்டுக் கிளறினார். அது கடைசியில் போஸ்டர் ஒட்டுகிற பசை பதத்துக்கு வந்து நின்றது.

அவர் விரலால் தொட்டு நக்கினார். பழக்க தோஷம், வாய் தானாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. "மூணு. தாராளமா மூணு போடலாம்."

"எத்தனைக்கு?" மனைவி கூடத்திலிருந்து கேட்டாள்.

"ஒன்பதுக்கு. எப்படிப் பார்த்தாலும் அன்னிக்கு வந்ததுக்கு இது பரவாயில்லை."

கூடத்தில் துணி உதறும் சத்தம் நின்றது.

"அன்னிக்கு எவ்வளவு போட்டீங்க?"

"ரெண்டு."

"அவ்வளவு மோசமா?"

"அந்த ரெண்டும் டப்பா சுத்தமா இருந்ததுக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தார். கூடவே யாரும் சிரிக்காததால், தாம் எதற்காக இந்தப் பாடு பட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்து வெட்கமாகப் போயிற்று. நாக்கைக் கடித்துக்கொண்டார். "இதுதான்ம்மா என் வியாதி. இந்த வாயாலதான் கெட்டேன்."

மனைவி மடித்த துணியையே உதறி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஓவன் மணி அடித்தது. பிரௌனி ஓரங்களில் கறுத்து, நடுவில் குழைந்து, ஒரு பக்கம் எழும்பி ஒரு பக்கம் படுத்திருந்தது. இரண்டாவது பாதியை வைக்க அவருக்குத் தெம்பில்லை. இருப்பதன்மேல் பசையைக் கொட்டினார். தடவத் தடவ அது பிரௌனியையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வந்தது. கரண்டியை விட்டுவிட்டுக் கையாலேயே அழுத்தி அமர்த்தினார். பிறகு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

இப்படி ஒன்றைச் செய்ய ஒரு மனுஷிக்கு எத்தனை நேரம் பிடித்திருக்கும்? பழம் பழுக்கும் வரை காத்திருந்திருப்பாள். அளந்திருப்பாள், சலித்திருப்பாள், கிரீமை அடித்துக் கை வலித்திருக்கும். அவருக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று யோசித்துக்கொண்டே டப்பாவை மூடியிருப்பாள். அதைக் கடித்துத் துப்பிவிட்டு, நாலு பேர் சிரிப்பதற்காக இரண்டு நிமிஷத்தில் எழுதிவிட்டார்.

"இங்க வாயேன்" என்று மனைவியைக் கூப்பிட்டார். "அக்காகிட்ட என்ன பேசுறதுன்னு ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கிறேன். நீதான் அக்கான்னு வச்சுக்க."

"எனக்கு வேலை இருக்கு."

"ரெண்டே நிமிஷம்."

அவள் வந்து எதிரில் நின்றாள். நாக்கு சார் எழுந்தார். சர்க்கரைத் தூசி படிந்த கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் எழுதினது தப்பு. யாரோன்னு நெனச்சு எழுதினேன்னு சொல்லித் தப்பிச்சுக்க மாட்டேன். யாரோவா இருந்தாலும் அப்படி எழுதியிருக்கக் கூடாது. எனக்காக நீ கை நோகச் செஞ்ச. நான் ஊரைச் சிரிக்க வச்சேன். அதைப் படிச்சப்ப உனக்கு எப்படி இருந்திருக்கும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நீ இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடலை. என்னை மன்னிச்சிடு."

மனைவியின் கையிலிருந்த துண்டு நழுவித் தரையில் விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

"இதை நிஜமாவே மனசாரச் சொல்றீங்களா?"

"பின்ன? இதே மாதிரி அக்கா முகத்தைப் பார்த்துச் சொல்லப் போறேன். ஏத்துக்குவாளா? உனக்கு என்ன தோணுது?"

அவள் துண்டை எடுத்து உதறினாள். "ஏத்துக்குவாங்க. போய் சொல்லுங்க."

"நீயும் வாயேன்."

"நான் எதுக்கு? உங்கக்கா, உங்க பிரௌனி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொஞ்சம் அதிகப்படியான கோபம்தான் என்று அவருக்குப் பட்டது. திரும்பி வந்து எங்கேயாவது கூட்டிப்போனால் சரியாகிவிடும் என்று நினைத்தபடி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். வழியில் மூன்று வேகத்தடை. மூன்றாவதில் மூடிக்குள் ஏதோ இடம் மாறும் சத்தம் கேட்டது. திறந்து பார்க்கத் தைரியமில்லை.

அக்கா வீட்டில் வாசல் வரை அட்டைப்பெட்டிகள். கூடத்தில் கட்டில் பிரிக்கப்பட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. மாமா தரையில் உட்கார்ந்து தட்டுகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். மாமா அதிகம் பேசமாட்டார். கல்யாணமான புதிதில் பேச முயன்று பார்த்தார், அக்காவிடம் இடம் கிடைக்கவில்லை.

"வா மச்சான்" என்றார். அதற்குள் அக்கா வந்துவிட்டாள். கையில் ஒட்டும் டேப். தம்பியின் முகத்தைப் பார்த்தாள், சட்டையெல்லாம் படிந்திருந்த வெள்ளையைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள். முகம் இளகியது.

"நீயே செஞ்சியாடா?"

"நானேதான்க்கா. காலைலருந்து."

"பரவாயில்லையே. உனக்கும் புத்தி வரும்னு இவர்கிட்ட நேத்துகூடச் சொன்னேன். உக்காரு. வீட்ல எல்லாம் சரியாயிடுச்சா?"

"வீட்ல என்ன? ஓவன்தான் கொஞ்சம் புகையுது. தொடச்சா போயிடும்."

அக்கா புருவத்தைச் சுருக்கினாள். மாமா டப்பாவைத் திறந்தார். கிரீம் பிரௌனிக்கு அடியிலும், பிரௌனி மூடியிலும் ஒட்டியிருந்தன. அவர் ஒரு துண்டைப் பெயர்த்து வாயில் போட்டு, மெல்லத் தொடங்கினார். அது சட்டென்று முடிகிற வேலையாகத் தெரியவில்லை.

நாக்கு சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"அக்கா, நான் எழுதினது தப்பு. யாரோன்னு நெனச்சு எழுதினேன்னு சொல்லித் தப்பிச்சுக்க மாட்டேன். எனக்காக நீ கை நோகச் செஞ்ச..."

"நிறுத்து. நான் என்னடா செஞ்சேன்? எங்கிட்ட எதுக்கு இதெல்லாம் சொல்ற?"

"பின்ன யார்கிட்டக்கா சொல்லுவேன்?"

"யார்கிட்டயா?" அக்கா டேப்பைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு டப்பா திரும்பி வந்ததும் உன் பேப்பரைப் படிச்சிட்டு இதே இடத்துல உக்காந்து தேம்பித் தேம்பி அழுதது யாருன்னு உனக்குத் தெரியாது? மூணு மாசமா நிஜமாவே தெரியாது?"

நாக்கு சார் அந்த இடத்தைப் பார்த்தார். அங்கே மாமாதான் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தார். நாக்கு சார் சட்டென்று மண்டியிட்டு மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மாமா! நீங்களா செஞ்சீங்க? எனக்குத் தெரியாமப் போச்சே! மன்னிச்சிடுங்க மாமா!"

அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு பிரித்துப்போட்ட கட்டிலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குப் பேச்சு வரவில்லை. மாமா வாயிலிருந்ததைப் பெரும்பாடு பட்டு விழுங்கினார்.

"நான் எங்க மச்சான் செஞ்சேன்? உன்னோட இருபதாவது வருஷத்துக்குன்னு சொல்லி, உனக்குத் தெரியாம விடியக்காலைலயே வந்து எங்க ஓவன் முன்னாடி நின்னு அதைச் செஞ்சது உன் பொண்டாட்டி."